மருமவனே, அந்த ஜோக்க மட்டும் சொல்லிப்புடாதீரும்

வே மருமவனே, இங்கன உக்காரும். போனக் கீழ வைக்க வேண்டாம், அது இல்லாட்டி உமக்குக் காது கேக்காது. நீரு காமெடி வீடியோ போடப் போறீராம்லா? நல்ல காரியம். ஊருல அழுக வைக்கிறதுக்கு ஏகப்பட்ட பேரு இருக்கான்.

நீரு போட்டுக் காட்டுனீரே, ‘மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’, அந்த மொத அத்தியாயத்த நான் ராத்திரி முழுசாப் பாத்தேன். 1969 அக்டோபர் 5, ஞாயித்துக்கிழம, பிபிசியில வந்ததாம். ஆறு பயலுவ. அஞ்சு பேரு பிரிட்டன்காரன், படம் வரையுத ஒருத்தன் மட்டும் அமெரிக்காக்காரன். ஒரு வாத்தியாரு இத்தாலி பாச சொல்லிக் குடுக்காரு, வகுப்புல உக்காந்திருக்கவன் பூராம் இத்தாலிக்காரன். மொசார்ட்டு வந்து நின்னு பெரிய மனுசங்க செத்த அழகுக்கு மார்க்குப் போடுத நிகழ்ச்சி நடத்துதாரு. அதெல்லாம் கெடக்கட்டும். நீரு படிக்க வேண்டிய பாடம் கடைசியில வருது பாத்தீரா, அந்தக் கொலகார ஜோக்கு.

ஒருத்தன் ஒக்காந்து ஒரு ஜோக்கு எழுதுதான். எழுதி முடிச்சு அவனே படிக்கான். சிரிச்சுச் சிரிச்சு அங்கனயே செத்துப் போறான். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிக்கப்படாதுன்னு நான் உம்மகிட்ட எத்தன தடவ சொன்னேன்? ஆனா உமக்குப் பயமில்ல வே. நீரு மூணு வருசமா உம்ம ஜோக்குக்கு நீரே சிரிக்கீரு, உடம்பு கல்லு மாதிரி இருக்கு.

பெறவு அவன் ஆத்தா வாரா, தாளப் படிக்கா, அவளும் சரிஞ்சுட்டா. (ஆத்தா வேசம் கட்டுனவனும் ஆம்பளதான். நம்ம கூத்துக்காரன் பாத்தா சேலக்கட்டுல நாலு திருத்தம் சொல்லுவான்.) போலீசு இன்சுபெக்டரு உள்ள போறாரு. சிரிப்பு வந்துரப்படாதுன்னு சோகப் பாட்டு ரிக்கார்டு போட்டு, வெளியில போலீசுக்காரன நிறுத்தி ஒப்பாரி வச்சும் அவரு தப்பல. அப்பறம் பட்டாளம் வருது. சாலிஸ்பரி சமவெளியில வச்சு சோதன பண்ணுதான், 50 கெசத்துக்கு ஆளக் கொல்லுதாம்.

இனிமேத்தான் வே விசயம். யுத்தத்துல எதிரிய அடிக்க அத ஜெர்மன் பாசைக்கு மாத்தணும். முழுசாப் படிச்சா உசுரு போயிரும்லா, அதுனால ஆளுக்கு ஒரு வார்த்த. ஒருத்தன் தவறிப்போயி ரெண்டு வார்த்தையப் பாத்துட்டு, பல வாரம் ஆசுபத்திரியில கெடந்தானாம். 1944 ஜூலை 8, ஆர்டென் காட்டுல பிரிட்டன் சிப்பாய்மாரு அத வாசிக்கானுவ. அர்த்தம் தெரியாதவன் வாசிக்கான், அதுனால அவனுக்கு ஒண்ணும் ஆவல. நம்மூரு மேடையில எழுதிக் குடுத்தத வாசிக்கிறவரு பூராம் நூறு வயசு இருக்கது ஏன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

இத்தனையும் சொல்லுதவன் மூஞ்சியப் பாத்தீரா? ஒரு இளிப்புக் கெடையாது. யுத்தச் செய்திப் படத்துக்குக் குரல் குடுக்கிறவன் மாதிரியே கண்டிப்பாச் சொல்லுதான். அப்பம் ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு 24 வருசந்தான் ஆயிருந்துச்சு. பாத்துக்கிட்டிருந்த சனத்துல குண்டு விழுந்தப்பம் பதுங்குனவன் எத்தன பேரு இருந்திருப்பான்! அவன் முன்னால நின்னு, இந்த ஜோக்கு யுத்தத்துக்கு முந்தி நம்மகிட்ட இருந்த பெரிய ஜோக்கவிட 60,000 மடங்கு வீரியம்னு சொல்லி, பிரதம மந்திரி சேம்பர்லின் 1938ல மியூனிக்குலருந்து சமாதானத் தாள ஆட்டிக்கிட்டு வந்த படத்தக் காட்டுதான். அம்புட்டுத்தான். விளக்கம் ஒண்ணும் கெடையாது. நீரா இருந்தா சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தவளச் சத்தம் சேத்து, “புரிஞ்சவங்க லைக் போடுங்க”ன்னு கேட்டிருப்பீரு.

கடைசியில யுத்தம் முடிஞ்சு, ஜெனீவாவுல ஜோக்கு ஆயுதத்துக்குத் தட போட்டு, 1950ல கடைசிப் பிரதிய பெர்க்ஷயர் பக்கம் மரியாதையா அடக்கம் பண்ணிட்டான். இப்பச் சொல்லும் வே, அந்த ஜோக்கு என்ன? முழிக்கீரு பாரும். அவன் சொல்லவே இல்ல! ஜெர்மன்ல என்னமோ உளறுனான், அது ஜெர்மன்காரனுக்கும் வெளங்காது. செத்து விழுந்தவன் மூஞ்சியக் காட்டியே காரியத்த முடிச்சுட்டான்.

உமக்கு இதவிடச் சவுரியமான வழி எங்க கெடைக்கும்? எழுத வேண்டாம், மனப்பாடம் பண்ண வேண்டாம். சுத்தி நாலு பேரச் சாக விட்டுட்டு நீரு வாயத் தொறக்காம நிக்கணும், அவ்வளவுதான். கேமராவுக்குப் பணம் மாமன் தாரேன் வே, சத்தியமாத் தாரேன். பீரோ சாவி உம்ம அத்தைகிட்ட இருக்கு. போயிக் கேளும். ஆனா சிரிச்சுக்கிட்டே கேட்டுறாதீரும்.