பென்டிரைவுக்குத் தொண்டை கட்டாது

சென்னையில் காலை ஏழு மணிக்கு மேலும் தூங்குகிறவரைச் சோம்பேறி என்று திட்டக் கூடாது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும். எங்கள் தெருவில் முதல் வண்டி கோலமாவு. அது முனை திரும்புவதற்குள் பழைய இரும்பு, பித்தளை. அதன் பின்னாலேயே வெங்காயம். எல்லா வண்டிக் கூரையிலும் ஒரு குழாய் ஸ்பீக்கர், அதில் பென்டிரைவில் பதிந்துவைத்த குரல்.

முன்பெல்லாம் கீரைக்கார அம்மாவும் கூவித்தான் விற்றார். ஆனால் நாலு வீட்டுக்கு ஒருதரம் கூடையை இறக்கி, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, எதிர்வீட்டு மருமகளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கூவல். தொண்டை கட்டிக்கொண்டால் மறுநாள் வரமாட்டார். பென்டிரைவுக்குத் தொண்டை கட்டாது, தண்ணீர் தாகம் கிடையாது, மருமகளைப் பற்றி அக்கறையும் இல்லை. "நாலு கிலோ நூறு ரூபா, நாலு கிலோ நூறு ரூபா" என்று வாங்கினாலும் கத்தும், வாங்காவிட்டாலும் கத்தும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போனேன். வெங்காய வண்டிக்காரர் ஸ்டீயரிங்கில் செல்போனைச் சாய்த்துவைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் இயர்போன்.

"அண்ணே, சவுண்டைக் கொஞ்சம் குறைங்களேன்."

இயர்போனைக் கழற்றினார். "இன்னா சார்?"

மறுபடி சொன்னேன்.

"கொறச்சா யாவாரம் ஆவாது சார். அடுத்த தெருவுல பூண்டு வண்டிக்காரன் இதவிட ஜாஸ்தி வெச்சிகிறான்." இயர்போன் மீண்டும் காதுக்குப் போனது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. டெசிபல் கணக்கு நம் பள்ளிக்கூடக் கணக்குபோல் போகாது. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 55 இருக்கவேண்டிய இடத்தில் 75 இருந்தால் நூறு மடங்கு. வெங்காயம் பூண்டை முந்தப் பார்க்க, பூண்டு வெங்காயத்தை முந்தப் பார்க்க, தெரு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல்தான். ஆஸ்பத்திரி வாசலில் 'ஒலி எழுப்பாதீர்' பலகைக்கு நேர் கீழே நின்று ஹாரன் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சிக்னல் சிவப்பு, முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் தண்ணி லாரி. யாரும் நகர முடியாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் அடிப்பார். வலிக்காத கட்டைவிரல்! ஒவ்வொரு ஹாரனுக்கும் பதிலாக வாயால் 'பாம்ம்ம்' என்று கத்தவேண்டும் என்றிருந்தால், அண்ணாசாலை ஒரே வாரத்தில் அடங்கிவிடும்.

மும்பை போலீஸ் ஒருமுறை இதற்கு ஒரு வேலை செய்தது. சிக்னலில் டெசிபல் மீட்டரை மாட்டி, சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்படி வைத்தது. அடிக்க அடிக்க நிற்கவேண்டியதுதான். அடிக்கிறவனுக்கும் கொஞ்சம் வலித்தது.

ஆடி மாதம் வந்தால் அம்மனுக்குக் கூழ். நமக்கு மின்கம்பத்தில் குழாய். "அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பவர் ஒருநாளும் 'ஃபோர்' சொன்னதில்லை. பிறகு நன்கொடையாளர் பட்டியல்: ஐம்பத்தோரு ரூபாய் கொடுத்தவரின் பெயர் அடுத்த பேட்டை வரை போகும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் மட்டும், நள்ளிரவு வரை, அரசு தளர்த்தலாம். எங்கள் பேட்டையில் அந்த 15 நாள் ஆடியிலேயே தீர்ந்துவிடும். பாக்கி மாதங்களெல்லாம் கடன்.

கத்துகிறவனுக்கு வலிக்காத சத்தத்துக்கு முடிவு கிடையாது. ஆகவே வண்டிக்கார அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். முனைக்கு ஒருதரம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். வெங்காயம் தீர்ந்தவர்கள் முதல் குரலுக்கே கூடையோடு ஓடி வருவார்கள். மற்றவர்கள் நீங்கள் நூறுதரம் கத்தினாலும் வாங்கப்போவதில்லை.