சுடுதண்ணி பாய்

எங்கள் கோட்டக்குப்பத்தில் ஒருவர் எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். பிரான்சு என்றால் சென்ட் பாட்டில். அரபு நாடு என்றால் தைலமும் பால்மாவு டப்பாவும். சிங்கப்பூர் என்றால் சாக்லெட். இப்போது நான்காவதாக ஒரு இனம் தலையெடுத்திருக்கிறது. கையில் எவர்சில்வர் ப்ளாஸ்க். திருகித் திறந்தால் ஆவி பறக்கும். காப்பியா, டீயா என்று எட்டிப் பார்ப்பீர்கள். வெறும் சுடுதண்ணீர்.

சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் இளகிக்கொண்டிருக்கும்போது, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தால் அவன் சீனா போய் வந்தவன். ஊர் வைத்த பெயர் சுடுதண்ணி பாய். மூன்று நான்கு பேர் தேறுவார்கள். எல்லோரையும் சேர்த்துப் பிசைந்து ஒருவனாக இங்கே உட்கார வைத்திருக்கிறேன். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

கப்பல் ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல. முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் எங்கள் ஊர் தொடங்குகிறது. 1947 வரை இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், 1954 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் பாதி ஊர் பாரிசுக்குச் சொந்தமாகிவிட்டது. அதற்கு முன்னால் சைகோன். ஆனால் அவர்கள் எல்லாம் சம்பாதிக்கப் போனவர்கள். நம் ஆள் போனது இன்டர்ன்ஷிப்புக்கு. ஷென்சென் நகரத்தில் ஆறு மாதம்.

"சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"சம்பளம் இல்ல மாமு, ஸ்டைபண்ட்."

"அப்படின்னா?"

"பணம் குடுப்பாங்க. ஆனா சம்பளம்னு சொல்ல மாட்டாங்க."

"கொஞ்சமாக் குடுத்தா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மாமு. சீனப் பொருளாதாரத்தைப் பற்றி எங்கள் டீக்கடை அதற்கு மேல் ஆராயவில்லை.

திரும்பி வந்த முதல் வாரமே சங்கடம் ஆரம்பித்தது. டீ மாஸ்டர் கிளாசை வைத்ததும் இவன் இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக் என்று தட்டினான். "இன்னா அவசரம்? இப்பத்தானே வெச்சேன்" என்று மாஸ்டருக்குக் கோபம். அது அவசரம் இல்லையாம், நன்றியாம். சியென்லோங் என்ற சக்கரவர்த்தி மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது தன் ஆட்களுக்குத் தானே டீ ஊற்றிக் கொடுத்தாராம். மண்டியிட்டு வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் இரண்டு விரலை மடக்கி மேசையில் மண்டியிட வைத்தார்களாம். குவாங்டோங் பக்கத்துக் கதை. முழுவதையும் கேட்ட மாஸ்டர், "அந்த ராஜா பாக்கி வெச்சிட்டுப் போனாரா?" என்று மட்டும் விசாரித்தார். இவன் கணக்கில் நூற்று இருபது ரூபாய் நின்றது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவன் அம்மா பிரியாணி தேக்சாவைத் திறந்து கரண்டியைச் செங்குத்தாக நட்டுவைத்தார். இவன் அலறிவிட்டான். சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டுவைத்தால் அங்கே இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றிய கணக்கு. "மௌத்து வீட்டுலதான்மா அப்படி வெப்பாங்க!" என்றான். "நீ இன்னும் ரெண்டு தடவ கத்து, இங்கயே ஒண்ணு விழும்" என்றார் அம்மா. கரண்டி அப்படியேதான் நின்றது.

ஒரு கல்யாணத்தில், வாசலைப் பார்த்த இருக்கைதான் மரியாதைக்குரியது என்று சொல்லிப் பெரியத்தாவைக் கைபிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தான். அங்கே மின்விசிறி கிடையாது. மரியாதையில் நனைந்துபோய் எழுந்தார் அவர். வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு, எல்லோருக்கும் பொதுவாகப் பத்து வகை, சோறு கடைசியில் என்று இவன் வர்ணித்தபோது, பரங்கிப்பேட்டையில் சம்பந்தம் செய்தவர் ஒருவர், "ஒரே சஹன்ல நாலு பேர் கை போட்டுச் சாப்புடறவன்கிட்ட வந்து பொதுத்தட்டப் பத்திச் சொல்றியே" என்று எழுந்து போய்விட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் பில் விஷயத்தில். சீனாவில் சாப்பிட்டு முடித்ததும், நான்தான் கொடுப்பேன் என்று ஒருவர் பாய்வார். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து, சட்டையைப் பிடித்து மல்லுக்கட்டிப் பணத்தைக் கட்டுவார்கள். அது நாகரிகம். நம் ஆள் புதுச்சேரியில் ஒரு பிரியாணிக் கடையில் ஏழு பேரோடு உட்கார்ந்து, முடிந்ததும் "நான் தர்றேன்" என்று பாய்ந்தான். ஒருவரும் இழுக்கவில்லை. ஒருவர் வழியும் விட்டார்.

"அங்க காசையே கண்ணால பாக்க முடியாது, எல்லாம் போன்ல வீசாட், க்யூஆர் கோடு காட்டினா முடிஞ்சுது" என்று பெருமையாக ஆரம்பித்த அன்றைக்கு, டீக்கடை டப்பாவிலிருந்து ஒரு அம்மாள் குரல், பதினைந்து ரூபாய் பெறப்பட்டது என்று அறிவித்துவிட்டது. மதியம் சாப்பிட்டதும் ஆபீசில் விளக்கை அணைத்துவிட்டு மேசையிலேயே தூங்குவார்கள் என்று அதிசயமாகச் சொன்னான். லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவே அறுபது வருஷமாகத் தூங்கிப் பழகிய பெரியவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "அதுக்கு எதுக்குடா விசா?" என்றார்.

இவனுக்கு ஊரில் ஒரே போட்டி, ஓய்வுபெற்ற வாத்தியார். பீக்கிங் வானொலி 1963இல் தமிழில் பேச ஆரம்பித்ததிலிருந்து கேட்டு, கடிதம் போட்டு, காலண்டர் வாங்கியவர். முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கால் வைத்தது கொஞ்சம். "சுவான்சோவில் 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கே, பாத்தியா?" என்பார். பார்க்கவில்லை. "தேயிலைங்கிறதில் உள்ள 'தே'யும் சாயாங்கிறதில் உள்ள 'சா'வும் சீன வார்த்தைதான், தெரியுமா?" தெரியாது. ப்ளாஸ்க்கைத் திருகி மூடிக்கொண்டு இவன் கிளம்பிவிடுவான்.

உண்மை ஒருநாள் தந்திராயன்குப்பம் கடற்கரையில் இருட்டிய பிறகு வெளிவந்தது. 'ரோ' என்றால் கறி. வெறும் 'ரோ' என்று கேட்டால் சீனாவில் பன்றிக்கறி என்றே அர்த்தம். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது புரிய ஒரு வாரம். அதுவரை தக்காளி போட்டு வதக்கிய முட்டையும் சோறும். குச்சியில் முட்டை நிற்காது, சோறு மட்டும் ஏறும், அதுவும் நாலு பருக்கை. கம்பெனி வாசல் காவலாளி தினமும் "ச்சிர் ல மா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம் ஊர் மாதிரி அக்கறையாகக் கேட்கிறார் என்று நம்பி இவன் "இல்லை" என்றான். அந்த மனிதர் திகைத்துப்போய்ப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாராம். பழைய கால வணக்கம் அது. உண்மையான பதிலை எதிர்பார்ப்பதில்லை.

பத்தாம் நாள் ஒரு தெருமுனையில் பச்சைப் பலகை கண்ணில் பட்டது. லான்சோ மாட்டுக்கறி நூடுல்ஸ். ஹுயி முஸ்லிம்கள் நடத்தும் கடை. பலகையில் 'ச்சிங்ஜென்', அதாவது ஹலால். உள்ளே ஒருவர் மாவை இழுத்து, மடித்து, அடித்து, நூலாக்கிக்கொண்டிருந்தார். நம் பரோட்டா மாஸ்டரின் சித்தப்பா மகன் போல இருந்ததாம்.

"ஸலாம் சொன்னேன் அண்ணே. பதில் சொல்லிட்டு ஒரு முள்கரண்டி எடுத்து வெச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அங்கயேதான். ஆறு மாசமும்."

சீனச் சமையலில் எட்டுப் பெரிய மரபுகள் உண்டு என்று இவனே எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறான். லான்சோ நூடுல்ஸ் அந்த எட்டில் சேர்த்தியில்லை. ஆக, எட்டில் ஒன்றையும் தொடாமல், ஒரே கடையில், ஒரே கிண்ணத்தில், முள்கரண்டியால் சீனாவைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். நான் இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஊர் நம்பியிருக்காது. பாரிசில் முப்பது வருஷம் இருந்துவிட்டு மீன்குழம்பைத் தவிர வேறொன்றும் சாப்பிடாதவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர்.

போன வாரம் அவனுக்கு ரியாத் விசா வந்துவிட்டது. இந்த முறை சம்பளம்தான். அங்கே அடிக்கிற வெயிலில் இது எதற்கு என்று ப்ளாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நேற்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மூடிதான் கொஞ்சம் ஒழுகுகிறது.