முட்டுச்சாரம் இல்லாமல் எழுந்த கூரை

கேள்வி: உலகின் மாபெரும் தேவாலயங்களில் உங்களை வாய்பிளக்க வைத்தது எது?

பதில்: ஃப்ளாரன்ஸ் கதீட்ரல். 1296-ல் வேலையை ஆரம்பித்தவர்கள், நடுவில் 40 மீட்டருக்கு மேல் அகலமான ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்கள். அங்கே குவிமாடம் வரும் என்று வரைபடம் சொன்னது. எப்படி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. 'வீட்டைக் கட்டிப்பார்' என்றவர்கள் இதைப் பார்க்கவில்லை.

1418-ல் போட்டி வைத்தார்கள். கட்டடக்கலை படிக்காத பொற்கொல்லர் புருனெல்லெஸ்கி, கீழே முட்டுச்சாரமே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். ரகசியம் செங்கல்லில். படுத்த வரிசைகளுக்கு நடுநடுவே சில கற்களைச் செங்குத்தாகச் செருகினார். சாந்து காயும்வரை அவை மற்ற கற்களைச் சரியாமல் பிடித்துக்கொண்டன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடு. 1420-ல் தொடங்கி 1436-ல் முடிந்தது.

எனக்குப் பிடித்தது அரசியல்தான். பழைய போட்டியாளர் கிபெர்டியையும் கூட்டுப் பொறுப்பில் போட்டிருந்தார்கள். புருனெல்லெஸ்கி உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டாராம். கேட்டால், 'கிபெர்டிதான் இருக்கிறாரே!' என்று பதில். வேலை அப்படியே நின்றது. ஆபீசில் லீவு லெட்டரின் சக்தியை முதலில் உணர்ந்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

கொத்தனார்கள் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறியே பொழுதைக் கழிப்பதைப் பார்த்து, மேலேயே சாப்பாட்டுக்கடை வைக்கச் செய்தார் புருனெல்லெஸ்கி என்கிறார், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. நீங்கள் போனால் 463 படி. லிஃப்ட் கிடையாது, இப்போது சாப்பாட்டுக்கடையும் கிடையாது.