கடைசி வாங்கு

எங்கள் காலத்தில் சுகாதாரம் வருடத்துக்கு ஒருமுறை வாகனத்தில் வந்து, மத்தியானத்துக்கு முன் திரும்பிப் போய்விடும்.

1974, கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். வாசலில் அந்த வெள்ளை வாகனம் நின்றால் "ஊசி போட வந்திருக்காங்களாம்" என்ற செய்தி மணியடிக்கும் முன்பே எல்லா வகுப்புக்கும் போய்விடும். ஒருமுறை என் கூட்டாளி ஒருவன் மதில் பாய்ந்து ஓடினான். தேடிப் போனபோது புனித லூசியாள் பேராலயத்தில் முழந்தாளில் நின்றான். அவன் வீட்டில் முருகன் படம்தான்.

அன்று வந்தவர் ஊசி போட வரவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், தூரத்தில் மாட்டியிருந்த அட்டையை வாசிக்கச் சொன்னார். எனக்கு முன்னால் நின்றவன் வாசித்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தும் பாதியில் தடுமாறினேன். ஏதோ எழுதினார். எழுதிய அட்டைகளெல்லாம் கட்டாகக் கட்டப்பட்டு அதிபரின் அலுமாரிக்குள் போயின.

நான் நெட்டை, அதனால் கடைசி வாங்கு. கரும்பலகை நல்ல கறுப்பாக இருந்தது. அதில் வெள்ளையாக ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினேன். அவனுடைய பிழைகளையும் சேர்த்து எழுதினேன். ஒரு தவணைப் பரீட்சையில் அவனுடைய பெயரையும் எழுதிவிட்டேன். "மண்டையில் களிமண்" என்று தீர்ப்பாயிற்று. அம்மா அதை மேன்முறையீடு செய்யாமல் வல்லாரைச் சம்பல் அரைக்கத் தொடங்கினார். இரண்டு வருடம் வல்லாரை. ஞாபகசக்தி வளர்ந்தது, அதனால்தான் இவ்வளவும் நினைவிருக்கிறது.

பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடத்தில் தந்த கெயார் பிஸ்கட்டுக்காகவே வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பிஸ்கட் முடிந்த நாளில் வகுப்பு பாதியாகும். வயிற்றுக்கும் வரவுக்கும் உள்ள உறவு இடாப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது; அதைக் கூட்டிப் பார்ப்பதுதான் எவர் வேலையுமாக இருக்கவில்லை. யோசனைக்குக் குறைவில்லாத நாடு இது. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியபோதே, கர்ப்பிணித் தாய் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை ஒரே வைத்திய அதிகாரியின் பொறுப்பு என்று வைத்தார்கள். அரை நூற்றாண்டில் அந்த யோசனை களுத்துறையிலிருந்து எங்கள் அலுமாரி வரை வந்து சேர்ந்திருந்தது.

என்னைக் கண்டுபிடித்தது புதிதாக வந்த ஒரு டீச்சர். பஸ் தரிப்பில், "தம்பி, வர்றது எங்க போற பஸ்?" என்றார். "மட்டக்குளி" என்றேன். வந்தது தண்ணீர் பவுசர். மறுவாரமே அம்மாவையும் என்னையும் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மூக்குக்கண்ணாடி போட்ட அன்றுதான் மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பது தெரியவந்தது.

பள்ளிக்கூடம் விட்டு விலகும்போது சான்றிதழுக்காக லிகிதர் கட்டை அவிழ்த்தார். என் அட்டை கீழே விழுந்தது. 1974, டொக்டரின் கையெழுத்து: பார்வை குறைவு, கண் சிகிச்சைக்கு அனுப்பவும். அலுமாரிக்கும் என் வாங்குக்கும் நடுவில் இரண்டு சுவர்கள்.

இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். பேத்தி தரம் 4. தரம் 1, 4, 7, 10 என்று கணக்காக மருத்துவப் பரிசோதனை. உயரம், நிறை, பல், கண். முடிவு அலுமாரிக்குப் போவதில்லை. கடிதமாக வீட்டுக்கு வருகிறது, வகுப்பாசிரியைக்கும் தெரிகிறது. பேத்திக்குப் பார்வை கொஞ்சம் குறைவு என்று கடிதம் வருவதற்கு முதலே அவளை முன் வாங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். "அப்பா, பயப்பட ஒண்டுமில்லை" என்றாள் மகள். நான் பயத்தில் வாசிக்கவில்லை.

ஊசிக்கும் இப்போது பெற்றோரின் சம்மதம் கேட்டுக் கடிதம். 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி. மதில் பாயும் பிள்ளை ஒன்றும் இல்லையாம். 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவைச் சொல்லும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. என் பேத்தி அதில் பொலிஸ். "அம்மப்பா, இது சிவப்பு" என்று என் கையிலிருந்த போத்தலைப் பறிமுதல் செய்தாள்.

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டார்கள். பொருத்தி முடித்துப் பார்த்தால், படிப்பு பள்ளிக்கூடத்தில் இல்லை.

அது ரியூசனுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. மூன்று மணிக்கு காலி வீதிப் பக்கத்தில் ஒரு மாடி மண்டபம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை அல்லவா? நூற்றுக்கு மேல் பிள்ளைகள், ஒரு வெண்பலகை, ஒரு மைக். முன்வரிசை வேண்டுமென்றால் இரண்டரைக்கே போய் நிற்க வேண்டும். இவள் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவதால் பின்னால்தான் இடம். "எழுத்து தெரியுதா குஞ்சு?" என்று கேட்டேன். "பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுவன்" என்றாள். அங்கே எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போவதில்லை, எடைத்தராசும் இல்லை. வாசலில் ரோல்ஸும் சிவப்பு அடையாளப் போத்தலும் உண்டு. நிறை கூடிவிட்டது என்று வந்த இன்னொரு கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே மகள் இரண்டு ரோல்ஸ் வாங்குகிறாள். பிள்ளைக்குப் பசி, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்விப் பாடவேளையில் இப்போது கணக்குச் செய்கிறார்களாம்.

போன வியாழக்கிழமை ரியூசன், வீட்டுப்பாடம், மாதிரி வினாத்தாள் எல்லாம் முடிய இரவு பத்தரை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, காலையில் சுகாதாரக் கழகத்துக்குச் சுவரொட்டி கொடுக்க வேண்டும். தலைப்பு: நேரத்துக்கு உறங்குவோம். கட்டில், தலையணை, யன்னல், யன்னலில் நிலா எல்லாம் அழகாகக் கீறினாள். நிலாவுக்குப் பாதி மஞ்சள் பூசும்போது கண்ணாடியோடு மேசையில் சரிந்துவிட்டாள்.

கண்ணாடியை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு மீதி நிலாவை நான் பூசினேன். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது; என் கண்ணாடியும் மாற்ற வேண்டியதுதான்.