கோணலாக வந்தால் பேய் வீடு

பொம்மை வீட்டுக்குச் சாமான் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் வீட்டில் பற்பசை மூடியை என்ன செய்கிறீர்கள்?" குப்பையில் போடுகிறோம் என்று பதில் வந்தால் பயமில்லை, வேறு நல்ல பழக்கம் ஏதாவது பிடித்துக்கொள்ளலாம். ஒரு நொடி தயங்கினார்களோ, கதை முடிந்தது. பற்பசை மூடியைக் கவிழ்த்தால் மேஜை விளக்குக்குக் கூண்டு, நிமிர்த்தினால் பூந்தொட்டி. சட்டைப் பொத்தான் சாப்பாட்டுத் தட்டு. காபி கலக்கும் மரக்குச்சி தரைப் பலகை. இந்தக் கண் ஒருமுறை திறந்துவிட்டால் மூடாது. எங்கள் ஊரில், அதாவது நியூ ஜெர்சியில், இரண்டு காபிக் கடைகளுக்குள் நான் இப்போது தலைகுனிந்துதான் நுழைகிறேன். ஒரு காபிக்கு நாற்பது குச்சி எடுப்பவளை அவர்களுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

கற்றுக்கொடுக்க எனக்கு என்ன தகுதி என்பீர்கள். நான்கு வருஷம் முன்பு மகளின் பிறந்தநாளுக்கு விக்டோரியா காலத்து மாளிகை ஒன்று செய்து தருவதாக வாய்விட்டேன். இன்று எங்கள் கூடத்தில் நிற்பது பாழடைந்த பேய் பங்களா. இடையில் நடந்தது எல்லாமே திட்டப்படிதான் நடந்தது என்று முகம் மாறாமல் சொல்வது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் அளவு. பொம்மை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கையாளும் கணக்கு 1:12. நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். 6 அடி ஆள் 6 அங்குலம். காபிக் குவளை ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இன்னும் சின்னதாக 1:24, 1:48 என்று இறங்குகிறவர்கள் உண்டு. 1:144 என்றும் ஒன்று இருக்கிறது; அது பொம்மை வீட்டுக் குழந்தை விளையாடுவதற்கான பொம்மை வீடு. அந்தக் கூட்டத்தோடு சேர வேண்டாம், கண் டாக்டர் செலவு தாங்காது.

கொலு பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு மண்டையில் ஏற வெகுநாள் பிடித்தது. நம் கொலுப்படியில் கல்யாண செட்டு மாப்பிள்ளை பக்கத்து யானையைவிட உயரமாக இருப்பார். செட்டியார் கடைப் பூசணிக்காய் மணப்பெண் இடுப்புக்கு வரும். வந்தவர்கள் யாரும் அளவுகோல் எடுப்பதில்லை, பாட்டுப் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே அப்படியில்லை. "இந்தக் கெட்டில் 1:10 மாதிரி இருக்கிறதே?" என்று ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக் கேட்ட தொனியில், நான் ரேஷன் அரிசியில் கல் கலந்தவள் போல இருந்தது.

நிஜ உலகம் உள்ளே புகுந்தாலும் கணக்கு கெடும். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் பொம்மைக் குடும்பத்துக்கு அது சுண்டெலி. ஆகவே நிஜமான ரொட்டித்தூள், அரிசி, பருப்பு எதையும் ஒட்டாதீர்கள். எறும்பு வரும். அவர்கள் அளவில் எறும்பு என்பது இறால்.

செலவைப் பற்றி வீட்டில் கேள்வி எழும். அதற்கு ஒரு பதில் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்றொரு அம்மாள் 1686-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு பொம்மை வீட்டை அலங்கரித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஆனது 20,000 முதல் 30,000 கில்டர் என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அன்று கால்வாய்க் கரையில் மனிதர் குடியிருக்கும் நிஜ வீடே வாங்கலாம். அந்தப் பொம்மை வீடு இன்று ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்தம்மா வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"பட்டு வியாபாரி."

"அதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி கணினியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இந்த உதாரணம் பட்டு வியாபாரிகள் வீட்டில் மட்டும் எடுபடும்.

இனி வேலைக்கு வருவோம். நாற்காலியில் தொடங்குங்கள், எல்லோரும் அதில்தான் தோற்கிறார்கள். நாலு காலும் ஒட்டி நிற்க வைத்தால் ஒரு கால் தரையில் படாது. நீளமான காலை உப்புத்தாளில் தேய்ப்பீர்கள். இப்போது மற்றது நீளம். அதைத் தேய்ப்பீர்கள். பூனைகளுக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கின் நியாயம் இது. என் முதல் நாற்காலி ஒரு மாலை நேரத்தில் முக்காலி உயரத்துக்கு வந்து, ராத்திரி மணைப்பலகையில் முடிந்தது. இரண்டாவது, சாய்ந்து நின்றது. குப்பையில் போடப் போனவளை மகள் தடுத்தாள். "இருக்கட்டும்மா, இதுல பேய் உக்காந்திருக்கு. அதான் சாயுது."

இதுதான் தொழில் ரகசியம். கோணலாக வந்தால் தோல்வி என்று சொல்லாதீர்கள், ஹாலோவீன் என்று சொல்லுங்கள். அக்டோபர் 31-க்கு முன்னால் சொன்னால் பாராட்டும் கிடைக்கும்.

அடுப்பு வேலையில் இந்த ரகசியம் இன்னும் உதவும். ரொட்டி, கேக், பழம் எல்லாம் பாலிமர் களிமண்ணில் செய்வது. கசக்கிய அலுமினியத் தாளாலும் பழைய பல்துலக்கியாலும் ஒற்றினால் ரொட்டியின் சொரசொரப்பு வந்துவிடும். பழுப்பு நிறச் சாக்குக்கட்டியைச் சுரண்டி அந்தப் பொடியைத் தூரிகையால் மேலே தடவிவிட்டுச் சுட்டால் பேக்கரி ரொட்டியேதான். சூடு பாக்கெட்டில் போட்டிருக்கும். பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். நான் திருகை நம்பினேன். எட்டு ரொட்டி கரியாகி, புகைமணி அலறி, வீட்டுக்காரர் ஜூம் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். கருகிய பாலிமர் புகை மூக்குக்கு ஆகாது, விளையாட்டில்லை. ரொட்டிகளோ பேய் பங்களாச் சமையலறையில் இன்றும் இருக்கின்றன, நூறு வருஷமாக யாரும் எடுக்காத காலைப் பலகாரமாக. வந்தவர்கள் எல்லோரும் முதலில் புகழ்வது அதைத்தான்.

பூசணிக்காய் எளிது. ஆரஞ்சு களிமண்ணில் 2 சென்டிமீட்டர் உருண்டை, ஊசியால் சுற்றிலும் மேலிருந்து கீழாகப் பள்ளம், முறுக்கிய பச்சைக் காம்பு. கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே குட்டி விளக்கு வைக்க வேண்டுமானால் சுடுவதற்கு முன்பே குடையுங்கள். குடையும்போது சரிந்துவிட்டால் கவலை வேண்டாம், டர்னிப் என்று சொல்லுங்கள். அயர்லாந்தில் ஹாலோவீனுக்கு முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கைத்தான். அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த பிறகே பூசணிக்கு மாறினார்கள். சரித்திரம் தெரிந்தவர்களுக்கு எந்தத் தோல்வியும் இல்லை. கல்லறைக்குத் தெர்மோகோல், சாம்பல் வண்ணம். சூனியக்காரியின் துடைப்பத்துக்குப் பல்குத்தும் குச்சியும் சணல் நாரும். பழைய ஓலைக்குத் தேநீரில் நனைத்த தாள். இவை கெடவே கெடாது. அதனாலேயே இவற்றில் சுவாரசியம் குறைவு.

குரோஷா தனிக்கதை. அதை என் மாமியார் இல்லாமல் சொல்ல முடியாது.

அத்தை கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட நாளில் குரோஷா பின்னக் கற்றவர். எண்பதுகளில் அவர்கள் தெருவில் டிவிக்குப் போட்ட உறையில் பாதி அத்தை கையால் வந்தது. பொம்மை வீட்டுக்குக் கட்டில் விரிப்பும் மேஜைத் துணியும் வேண்டும் என்றேன். 0.5 மில்லிமீட்டர் ஊசியும் 80-ஆம் நம்பர் நூலும் கொடுத்தேன். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தையல் நூலிலும், எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றை உருவியும் பின்னுகிறவர்கள் உண்டு. அத்தை ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஊசியா, கருவேலமுள்ளா?"

ஆனால் பின்னினார். பகலில் ஜன்னலோரம், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே, இரண்டே நாளில் ஓர் அழகான மேஜை விரிப்பு. மேஜையில் போட்டோம். நாலு முனையும் தொங்காமல் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. இது கைக் குற்றமல்ல. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்தால் எடை 1,728-இல் ஒன்றாகிவிடும். துணியை இழுத்து மடித்துத் தொங்கவிட அந்த எடை போதாது. நூலோ பன்னிரண்டில் ஒரு பங்காக மெலிவதில்லை. வழி இருக்கிறது. மேஜைமேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, விரிப்பைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துப் போட்டு, முனைகளை மடிப்பு மடிப்பாக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். நான் பசையைக் கெட்டியாகக் கலந்துவிட்டேன். காய்ந்ததும் சாம்பல் பூத்து, நூலுக்கு நூல் ஒட்டிக்கொண்டு, சுருங்கி நின்றது. நான் அதைப் பேய் பங்களா மாடி மூலையில் மாட்டினேன். பிரமாதமான ஒட்டடை.

"நான் போட்ட மேஜைத்துணிய ஒட்டடைங்கறியா நீ?"

மூன்று நாள் பேச்சு இல்லை. மாமியார் பின்னியதை ஒட்டடையாக்கும் உத்தியை நான் சிபாரிசு செய்யவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஒட்டடை, தூசி இரண்டுக்குமாக நான் மூன்று வாரம் உழைத்திருந்தேன். சூடான பசைத் துப்பாக்கியிலிருந்து நூல் நூலாக இழுத்தால் சிலந்தி வலை கிடைக்கும். சாக்குக்கட்டிப் பொடியைச் சல்லடையில் சலித்தால் நூறு வருஷத் தூசி. அன்று நான் கடைக்குப் போய் வருவதற்குள் அத்தை வீடு முழுவதும் பெருக்கித் துடைத்து விளக்கேற்றியிருந்தார். பொம்மை வீட்டையும் விடவில்லை. ஈரத்துணியால், மூலைமுடுக்கு விடாமல்.

"எவ்வளவு அழுக்கு! குழந்தை விளையாடற எடம், இப்படியா வெச்சுப்பா?"

நான் அழுததைப் பார்த்துத்தான் அது வேண்டுமென்றே போட்ட அழுக்கு என்று அத்தைக்குப் புரிந்தது. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் அழுக்கைக் காசு கொடுத்துப் போடுகிறவர்களை அத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று ராத்திரி, கேட்காமலே அந்தக் கருவேலமுள்ளை எடுத்தார். நடுவில் ஒரு வளையம், எட்டுக் கால் சங்கிலிப் பின்னல், இடையிடையே தொய்வாக வளைவு. விறைத்து நின்றால் நல்லதென்ற ஒரே குரோஷா இதுதான். என் பசை வலை எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

இந்தப் பேய் விஷயத்துக்கெல்லாம் பெரிய குடும்பம் உண்டென்று அப்போது அத்தைக்குச் சொன்னேன். எட்வின் லட்யன்ஸ் தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருப்பதை எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1921-க்கும் 1924-க்கும் இடையில், இங்கிலாந்தின் மேரி அரசிக்கு ஒரு பொம்மை வீடும் கட்டினார். குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஏறி இறங்கும். அதன் கட்டைவிரல் நூலகத்துக்காக எம். ஆர். ஜேம்ஸ் எழுதிக்கொடுத்ததே பேய் பிடித்த பொம்மை வீட்டைப் பற்றிய கதை. அதைவிட என் குலதெய்வம் ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. 1940-களில் இந்த அமெரிக்கப் பெண்மணி, துப்பறியும் போலீஸாருக்குப் பயிற்சி கொடுப்பதற்காக மர்மச் சாவு நடந்த அறைகளை 1:12 அளவில் செய்தார். பொம்மைப் பிணத்தின் காலுறையைக்கூட குண்டூசிகளால் தானே பின்னினார். அவற்றில் 18 அறைகள் பால்டிமோரில் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் இருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர் போலீஸ் அவருக்குக் கௌரவ கேப்டன் பட்டம் கொடுத்தது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா வீட்டுல ஈரத்துணி போட யாரும் இல்ல போல," என்றார்.

நவராத்திரிக்கு ஒரு சமாதானம் ஏற்பட்டது. கொலுப்படி கூடத்தின் கிழக்கே, பேய் பங்களா மேற்கே, நடுவில் திரை. கல்லறை கொலு பக்கம் பார்க்கக் கூடாது. சுண்டலுக்கு வந்தவர்கள் திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டடை யார் கைவேலை?" என்று கேட்டார்கள். அத்தை என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

கடைசியாக வாங்கல் விஷயம். எலும்புக்கூடு, குட்டி விளக்கு, வௌவால் எதையும் அக்டோபரில் வாங்காதீர்கள். நவம்பர் 1 காலை கடை திறக்கும்போது போய் நில்லுங்கள், பாதி விலைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

சென்ற மாதம் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. நாற்காலி ஒன்று நேராக வந்துவிட்டது. நாலு காலும் தரையில் படுகிறது, சாயவில்லை, ஆடவில்லை. பேய் பங்களாவில் அதை எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. மகள் அது கடையில் வாங்கியது என்கிறாள். 1:12 அளவு, தேக்கு நிறம், இருக்கை உயரம் ஒன்றரை அங்குலம். வைக்க ஒழுங்கான வீடு உள்ளவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது பற்பசை மூடி இருந்தால் கொண்டுவாருங்கள்.