மாண்புமிகு பூட்டு அவர்கள் சமுகத்துக்கு

அனுப்புநர்: வாயிலுக்கு வெளியே நிற்கும் நடைப்பயிற்சிக்காரன்
பெறுநர்: மாண்புமிகு பூட்டு அவர்கள், நகராட்சிப் பூங்கா, பிரதான வாயில்
வழி: நகராட்சி ஆணையர்
பொருள்: தங்களை நியமித்தது யார் என அறிய வேண்டி

ஐயா,

ஆணையருக்கே எழுதியிருக்கலாம். ஆனால் எப்போது போனாலும் அவர் மீட்டிங்கில் இருக்கிறார். தாங்களோ விடியற்காலையிலும் இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறீர்கள். லீவு போடாத அதிகாரியிடம் மனு கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

தங்கள் தலைக்கு மேல் செல்லோடேப்பில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். பராமரிப்புப் பணி காரணமாக, மறு உத்தரவு வரும்வரை பூங்கா மூடப்படுகிறதாம். ந.க. எண் இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. மறு உத்தரவு என்றால் முதல் உத்தரவு ஒன்று இருந்தாக வேண்டுமே என்று அலுவலகத்துக்குத் தேடிப் போனேன். பொறியியல் பிரிவில் பேவர் பிளாக் பதிக்கிறோம் என்றார்கள். சுகாதாரப் பிரிவில் டெங்கு கொசு. வருவாய்ப் பிரிவில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு என்றார். கடைசி மேசையில் சமூக விரோதிகள் நடமாட்டம். சமூக விரோதிகள் பின்சுவர் உடைப்பு வழியாக வழக்கம்போலப் போய் வருகிறார்கள், ஐயா. தாங்கள் மடக்கி வைத்திருப்பது, முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்ன பாட்டிமார்களைத்தான்.

ஓர் ஆணை, பிறக்கும்போது அதில் எழுதிய காரணத்தின் பலத்தில்தான் நிற்க வேண்டும், பிற்பாடு புதுக் காரணம் ஒட்டவைக்கக் கூடாது என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேசைக்கொரு காரணம் வைத்திருக்கும் எங்கள் ஊர் அப்போது அதன் பார்வைக்குப் போகவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆவது பிரிவில், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லச் சொல்கிறது. அதை அலுவலகத்தில் நினைவூட்டியபோது, "சார் நீங்க வக்கீலா?" என்று மட்டும் கேட்டார்கள்.

காரணம் சொல்வது இருக்கட்டும், எங்கள் தரப்பை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இங்கிலாந்தில் 1723-இல் ஒரு வழக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை, அவர் தரப்பைக் கேட்காமலே பறித்தது. நீதிமன்றம் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆதாமிடம்கூட விளக்கம் கேட்ட பிறகுதான் கடவுள் தண்டித்தார் என்றார் ஒரு நீதிபதி. கவனியுங்கள், அதுவும் தோட்டத்திலிருந்து வெளியேற்றிய விவகாரம்தான். எல்லாம் தெரிந்தவர், "பழத்தைத் தின்றாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே அனுப்பினார். அங்கே காவலுக்கு நின்றது சுடர்விடும் வாள். தங்களைப் போல நாற்பது ரூபாய்ச் சரக்கல்ல. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பூங்காவை மூடவே கூடாது என்று சொல்ல நான் யார்? புயலில் மரம் சாய்ந்தால் அந்த நிமிடமே மூடுங்கள். காற்றடிக்கும்போது கருத்துக்கேட்புக் கூட்டம் போட முடியாது. ஆனால் பேவர் பிளாக் ஒன்றும் புயலில் பறந்து வருவதில்லை. டெண்டர் விடும் அளவுக்கு அவகாசம் இருந்தவர்களுக்கு, நடக்க வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் நேரமில்லையா? காலையில் நடைபாதை வேலை, மாலையில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று அந்தப் பாட்டிமார்களே யோசனை சொல்லியிருப்பார்கள்.

போன ஞாயிறு ஒரு முக்கியப் புள்ளி வீட்டுக் கல்யாண போட்டோ ஷூட்டுக்குத் தாங்கள் வாய் திறந்ததாகக் கேள்வி. சாவி தொலையவில்லை என்று தெரிந்ததில் ஊருக்கே ஆறுதல்.

ஆகவே தேதியும் கையெழுத்தும் ஒரே ஒரு காரணமும் உள்ள ஓர் ஆணை, திறக்கும் நாள், ஒரு மாலை எங்கள் பேச்சைக் கேட்க ஓர் அதிகாரி, இவ்வளவும் கிடைக்க ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். கேட்ட பிறகும் மூடத்தான் வேண்டும் என்றால், தங்களுக்கு எண்ணெய் போட நானே வருகிறேன்.

இப்படிக்கு,
வெளியே நிற்பவன்

நகல்:
ஆணையர் அவர்கள் – தகவலுக்காக.
பின்சுவர் உடைப்பு அவர்கள் – உரிய நடவடிக்கைக்காக.