கேட்டாக் கொடுக்கிற கோர்ட்டு

பேராண்டி, பேச்சுப்போட்டிக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்த வாத்தியார் வெவரமான ஆளுய்யா. உள்ளூர் ஒட்டுக்கேட்டலைப் பேசச் சொன்னா நாளைக்கு அவர் வேலைக்குச் சிக்கல். அமெரிக்க ஜனாதிபதியை நீ கிழிச்சுத் தோரணம் கட்டினாலும் ஏன்னு கேக்க நாதி கிடையாது.

"வாரண்ட் இல்லாம ஜனங்க பேச்சை ஒட்டுக்கேட்ட ஜனாதிபதியைப் பதவியை விட்டுத் தூக்கலாமா?" நீ படிச்ச புள்ளை. அமெரிக்க அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தம், அந்தரங்க உரிமைன்னு ஆரம்பிப்பே, முன்வரிசைக்காரன் கொட்டாவி விடுவான். வக்கீல் குமாஸ்தாவாவே காலத்தை ஓட்டினவன் சொல்றேன், கேளு. தத்துவத்தைப் பையில போடு. தேதியை எடு.

2005 டிசம்பர் 16-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் குட்டை உடைச்சது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னாடி, ஜனாதிபதி புஷ் ரகசிய உத்தரவு போட்டு, என்எஸ்ஏங்கிற உளவு அமைப்பை விட்டு அமெரிக்காவுக்குள்ள இருக்கிறவங்க வெளிநாட்டோட பேசறதைக் கோர்ட்டு அனுமதி இல்லாம கேக்க வச்சிருக்கார்னு சேதி. வெள்ளை மாளிகை கேட்டுக்கிட்டதால பேப்பர்க்காரங்க அதை ஒரு வருஷம் போல அடைகாத்தாங்கங்கிறது தனிக்கதை. புஷ் மறுப்பார்னு பார்த்தா, மறுநாளே ரேடியோவுல வந்து "ஆமா, நான்தான் போட்டேன், 30 தடவைக்கு மேல புதுப்பிச்சேன்"னுட்டார். குற்றவாளிக் கூண்டுல ஏறி நின்னு நெஞ்சை நிமித்துற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கதான் நீ கெட்டியாப் பிடிக்கணும். இந்த வேலைக்குன்னே 1978-ல அவங்க ஒரு சட்டம் போட்டு, தனியா ஒரு ரகசியக் கோர்ட்டும் வச்சிருக்காங்க. அப்ப அங்க சர்க்கார் வக்கீல் மட்டும்தான் பேசினார். எதிர்த்தரப்புன்னு ஆளே இருக்கலை. 2004 வரைக்கும் 18,000-க்கு மேல அனுமதி கொடுத்திருக்கு, இல்லைன்னு சொன்னதை விரல்விட்டு எண்ணிடலாம். கையை நீட்டினாப் போதும், விபூதியைப் போட்டு அனுப்புற பூசாரி மாதிரி கோர்ட்டுய்யா அது. அவசரம்னா முதல்ல கேட்டுக்கோ, 72 மணி நேரத்துக்குள்ள வந்து அனுமதி வாங்கிக்கோன்னு அப்ப சலுகை வேற இருந்துச்சு.

அந்தக் கோர்ட்டுக்கே ஒருத்தர் போகலைன்னா ஏன்? நேரம் இல்லைன்னு சொல்ல முடியாது. மறுத்துடுவாங்கன்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். பெட்டிஷன்ல யாரை, எதுக்குன்னு எழுதணும். எழுதினது ஒரு ஜட்ஜ் கண்ணுல படணும். எழுத்துக்குப் பயந்தவன் எழுத்தையே தவிர்ப்பான், இது குமாஸ்தாவுக்குத் தெரியாதா?

எதிர்த்துப் பேசறவன் ஒண்ணு சொல்வான், லேசா எடுத்துக்காதே. கிட்டத்தட்ட 3,000 பேர் ஒரே காலையில செத்த ஊருய்யா அது. போர் நடத்தக் காங்கிரஸ் அதிகாரம் கொடுத்ததே, அதுல ஒட்டுக்கேட்கறதும் அடக்கம்னு புஷ் தரப்பு வாதாடினது நிஜம். நீ மெதுவா ஒரு கேள்வி போடு. அதே 2001-ல அதே காங்கிரஸ் அந்த 1978 சட்டத்தைத் தளர்த்திக் கொடுத்துச்சே? 24 மணி நேரமா இருந்த சலுகை 72 ஆனதே அப்பத்தானே? சட்டம் ஜனாதிபதியைக் கட்டாதுன்னா, எதுக்குய்யா அதைத் திருத்தணும்?

அப்புறம் ஆஸ்பத்திரி கதை. இதை விட்டுடாதே, கைதட்டல் இதுக்குத்தான். 2004 மார்ச் 10, ராத்திரி. அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் பித்தப்பை ஆபரேஷன் ஆகி வாஷிங்டன்ல தீவிர சிகிச்சைப் பிரிவுல கிடக்கார். அதிகாரம் முழுக்க அவருக்கு அடுத்த ஆள் கோமி கையில. இந்த உளவுத் திட்டம் சட்டப்படி செல்லாது, கையெழுத்துப் போட மாட்டேன்னு கோமி சொல்லிட்டார். உடனே புஷ்ஷோட ஆளுங்க ரெண்டு பேர், கொன்சாலஸும் கார்டும், உறையில காகிதத்தைப் போட்டுக்கிட்டு நோயாளிகிட்டக் கையெழுத்து வாங்கக் கிளம்பிட்டாங்க. சேதி தெரிஞ்சு கோமி விளக்கைச் சுழலவிட்டுக் காரைப் பறக்கவச்சு, ஆஸ்பத்திரி மாடிப்படியை ஓடியே ஏறினார். தன்னை அறையை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு எஃப்பிஐ தலைவர் முல்லரை விட்டுக் காவலுக்கு நின்னவங்ககிட்டச் சொல்ல வச்சார். ரெண்டு பேரும் உள்ள வந்தாங்க. ஆஷ்கிராஃப்ட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, திட்டம் ஏன் தப்புன்னு சொல்லிட்டு, "இப்ப அட்டர்னி ஜெனரல் நான் இல்லை, இந்தா இருக்காரே இவர்"னு கோமியைக் காட்டிட்டுச் சாய்ஞ்சுட்டார். வந்தவங்க கோமியைத் திரும்பிக்கூடப் பார்க்காம நடையைக் கட்டினாங்க. கோமியே 2007-ல செனட்ல சத்தியப்பிரமாணம் பண்ணிச் சொன்ன சாட்சி இது. படுத்த படுக்கையா இருக்கிற பெருசுகிட்டச் சொத்து எழுதி வாங்க வந்த கோஷ்டிகளை நம்ம ஆபீஸ்ல நிறையப் பார்த்திருக்கேன். அங்கெல்லாம் மருமகன் வருவான். இங்க வந்தது வெள்ளை மாளிகை.

மறுநாள் சட்டத்துறை கையெழுத்து இல்லாமலே திட்டத்தைப் புதுப்பிச்சாங்க. கோமியும் முல்லரும் ராஜினாமாவுக்குத் தயாரான பின்னாடிதான் புஷ் கொஞ்சம் இறங்கினார். ஏப்ரல் 20-ஆம் தேதி பஃபலோவுல கூட்டம். ஒட்டுக்கேட்கணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும், அதுல எதுவும் மாறலைன்னு அதே புஷ் ஜனங்ககிட்டச் சொன்னார்! ஆஸ்பத்திரிக்கு உறையைத் தூக்கிட்டுப் போன கொன்சாலஸ் மறுவருஷம் தானே அட்டர்னி ஜெனரல் ஆயிட்டார். இனிமே யார் படுக்கையைத் தேடியும் போக வேண்டியதில்லை பாரு.

அப்ப ஜனங்க கோர்ட்டுக்குப் போகலையான்னு கேப்பே. போனாங்க. 2006-ல டெட்ராய்ட்ல அன்னா டிக்ஸ் டெய்லர்ங்கிற ஜட்ஜம்மா திட்டம் சட்டவிரோதம்னு தீர்ப்பு எழுதினாங்க. மேல்கோர்ட்டு தள்ளிடுச்சு. உன்னை ஒட்டுக்கேட்டாங்கன்னு நீ நிரூபி, அப்பத்தான் வழக்குப் போட உனக்குத் தகுதின்னுச்சு. எப்படி நிரூபிக்கிறது? அது ரகசியமாச்சே! ஒரிகன்ல இருந்த ஒரு இஸ்லாமிய அறக்கட்டளைக்கு மட்டும் சர்க்காரே கைதவறி ஆதாரக் காகிதத்தை அனுப்பிடுச்சு. எஃப்பிஐ வந்து அதைத் திரும்ப வாங்கிட்டுப் போனாங்க. சரி, ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்றோம்னாங்க. 2007-ல ஞாபகமும் ராஜ ரகசியம், சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. இதுக்கு மேல நையாண்டி பண்ண எனக்குத் தெம்பில்லைய்யா.

கோர்ட்டுக் கதவு இப்படிச் சாத்திக்கிட்டா, மிச்சம் இருக்கிற கதவு பதவிநீக்கத் தீர்மானம்தான். அதனால நீ "தூக்கலாம்" கட்சியிலேயே நில்லு. முன்மாதிரியும் இருக்கு. 1974 ஜூலை 29-ல நிக்ஸன் மேல நீதிக்குழு 28-க்கு 10 ஓட்டுல ஏத்துக்கிட்ட ரெண்டாவது குற்றச்சாட்டுல, நாட்டுப் பாதுகாப்புக்குச் சம்பந்தமே இல்லாம ஒட்டுக்கேட்க வச்சதும் சேர்த்தி. மனுஷன் கூடப்பிறந்த தம்பி போனையே கேக்க வச்சவர். சபை ஓட்டெடுக்கறதுக்குள்ள ஆகஸ்ட் 9-ல ராஜினாமா பண்ணிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஆனா நிக்ஸன் மாட்டினதும் புஷ் தப்பிச்சதும் ஏன்னு கொஞ்சம் யோசி. நிக்ஸன் ஆளுங்க பூந்தது எதிர்க்கட்சி ஆபீஸ்ல. தீர்மானம் கொண்டுவர்ற ஆளோட வீட்டுக்குள்ளேயே கையை விட்டா, கடிக்காம இருப்பானா? புஷ் கேட்டது யார் யார் பேச்சைன்னே யாருக்கும் தெரியாது. ஊர் பேர் தெரியாதவனுக்காக எந்த எம்.பி. தொண்டை கிழியக் கத்துவான்? செனட்டர் ஃபைன்கோல்டு 2006-ல வெறும் கண்டனத் தீர்மானம்தான் கொண்டுவந்தார், தோள் கொடுக்க ரெண்டே செனட்டர். 2008 ஜூன்ல எம்.பி. குசினிச் 35 குற்றச்சாட்டோட பதவிநீக்கத் தீர்மானம் வாசிச்சார். குழுவுக்கு அனுப்பலாம்னு 251 பேர் ஓட்டுப் போட்டு, அதைத் தூக்கி மச்சுல வச்சாங்க. அடுத்த மாசமே, ஜனங்க பேச்சைத் திறந்துவிட்ட டெலிபோன் கம்பெனிகளை வழக்குலேருந்து காப்பாத்தச் சட்டம் பண்ணினாங்க. ஓட்டுப் போட்டவங்கள்ல அப்ப செனட்டரா இருந்த ஒபாமாவும் ஒருத்தர். கிளிண்டன் பொம்பளை விவகாரத்துல பொய் சொன்னார்னு 1998-ல தீர்மானத்தை நிறைவேத்தின அதே பிரதிநிதிகள் சபைதான் குசினிச் தீர்மானத்தை மச்சுல வச்சது.

இதைச் சொன்னதும் "அப்ப பிரயோஜனம் இல்லையே"ன்னு எதிர்க்கட்சி எந்திரிப்பான். தலைப்பு "தூக்கினாங்களா" இல்லை, "தூக்கலாமா"ன்னு சொல்லி உக்கார வை. நடுவர் எந்தக் கட்சி அனுதாபின்னும் முன்கூட்டியே விசாரிச்சுக்கோ, அங்கேயும் தீர்மானம் அதைப் பொறுத்துத்தான் போச்சு. பேச்சை எழுதி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பாதே, நேர்ல வந்து வாசிச்சுக் காட்டு. பயம்னு நினைச்சுக்காதே, கண்ணாடி மாத்தணும்.